கையில் ஒன்று, காலில் வேறொன்று: நகச்சொத்தை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரி டெல்டாவில் ஒரு சிறு நகரம். அங்கே வீட்டுத் திண்ணையிலேயே இட்லிக் கடை நடத்துகிறவர் இந்த அம்மா. வயது ஐம்பதைத் தாண்டிச் சில வருடங்கள். சர்க்கரை நோய் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார், கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாடின். விடிவதற்கு முன்பே எழுந்து மாவு கலக்குவது, சட்னி அரைப்பது, தட்டும் பாத்திரமும் கழுவுவது என்று மதியம் வரை கை ஈரத்திலேயே இருக்கும். சாயங்காலம் மறுநாளைக்கு அரிசி, உளுந்து களைந்து அரைக்க வேண்டும், அதுவும் தண்ணீர் வேலைதான்.

அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

வலது கால் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் மஞ்சள் நிறம் தெரிய ஆரம்பித்தது நான்கைந்து வருடத்துக்கு முன்பு. மெல்ல அது உள்நோக்கிப் போனது, நகம் தடித்தது, அடியில் மாவு மாதிரி உதிர்ந்தது. பிறகு இடது கட்டைவிரல், அப்புறம் இரண்டு சுண்டுவிரல்கள். கை நகங்களில் தொல்லை தொடங்கியது ஒரு வருடத்துக்கு முன்புதான். வலது கையில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். வீட்டில் எல்லோரும் இரண்டையும் சேர்த்து 'சொத்தை' என்றே சொன்னார்கள். காலில் இருந்தது கைக்கு ஏறிவிட்டது என்பது அவருடைய முடிவு.

செய்து பார்த்த வைத்தியங்களும் கொஞ்சநஞ்சமல்ல. வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசியிருக்கிறார். விரல் வீங்கியபோது நகச்சுத்தி என்று எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலைச் சொருகி வைத்திருக்கிறார். மெடிக்கலில் கேட்டு ஃப்ளுகோனசோல் 150 மி.கி. என்ற பூஞ்சை மாத்திரையை வாரம் ஒன்றாக, நினைவு வந்த வாரங்களில் மட்டும் போட்டிருக்கிறார். கணவர் படர்தாமரைக்குப் பூசிவந்த டியூபை இவரும் கால் விரலிடுக்கில் பூசினார். அதில் பூஞ்சை மருந்தோடு க்ளோபெடசால் என்ற வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஒரு மருத்துவர் டெர்பினாஃபைன் என்ற இன்னொரு பூஞ்சை மாத்திரையை எழுதிக்கொடுத்திருக்கிறார்; மூன்று வாரம் சாப்பிட்டுவிட்டு, நகத்தில் ஒன்றும் மாறவில்லை என்று நிறுத்திவிட்டார். ஒரு லேப் சீட்டும் கையில் இருந்தது. பூஞ்சை இல்லை என்றது அது.

என்னிடம் அவர் வந்தது நகத்தின் அழகுக்காக அல்ல. முந்தைய மழைக்காலத்தில் இடது கால் கணுக்கால் வரை சிவந்து வீங்கி, குளிர் காய்ச்சலோடு மருத்துவமனையில் படுத்திருக்கிறார். தோலுக்கு அடியில் பாக்டீரியா பரவும் செல்லுலைட்டிஸ். அங்கே பார்த்த சர்க்கரை மருத்துவர்தான், கால் விரலிடுக்கைத் தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லி அனுப்பினார்.

முதல் நாள் பார்த்தது

கையைக் காட்டச் சொன்னதும் தயங்கினார். பத்து நகங்களிலும் மருதாணி. நகம் கறுத்துப் போனதைக் கடைக்கு வருகிறவர்கள் பார்த்து முகம் சுளிப்பார்களோ என்று, சாயம் மங்க மங்க வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். "சாப்பாட்டுக் கடைங்க டாக்டரம்மா, இந்தக் கையோட இட்லி எடுத்து வெச்சா யாரு வாங்குவா?" என்றார்.

மருதாணி நகத்தின் மேல்தட்டில்தான் பிடிக்கும். நுனியைத் தூக்கி அடியில் பார்த்தால் உண்மை நிறம் தெரியும். ஆள்காட்டி விரல் நகம் பாதி வரை சதையிலிருந்து விட்டுப் பிரிந்திருந்தது, அந்த இடைவெளியில் கரும்பச்சை நிறம். மூன்று விரல்களிலும் நகத்தின் அடிப்பக்கத் தோல் மடிப்பு உப்பி, மினுமினுவென்று இருந்தது. நகத்தையும் தோலையும் ஒட்டவைத்து இடைவெளியை மூடும் மெல்லிய ஜவ்வு இல்லவே இல்லை. அந்த மடிப்பை ஒட்டிய நகத்தில் குறுக்கு வரிகள். ஆனால் நகம் தடிக்கவில்லை, அடியில் மாவு உதிரவும் இல்லை.

கால் நகங்கள் வேறு கதை. நுனியிலிருந்து உள்நோக்கிப் போகும் மஞ்சள் பட்டைகள், அடியில் குவிந்த உதிரும் பொருள், தடிப்பு. வலது கட்டைவிரலில் பாதிக்கு மேல், இடதில் முக்கால்வாசி. நான்காவது, ஐந்தாவது விரல்களுக்கு இடையே வெளுத்து ஊறிய தோல், அதில் ஒரு வெடிப்பு. சேற்றுப்புண் என்று ஊரில் சொல்வது இதைத்தான். உள்ளங்காலில் மாவு பூசினாற்போல் வறண்ட செதில்.

தலையில் செதில், முழங்கையில் திட்டு, நகத்தில் குண்டூசிக் குழிகள் ஏதாவது உண்டா என்று பார்த்தேன். இல்லை. சோரியாசிஸ் என்ற தோல் நோய் நகத்தைப் பூஞ்சை நகம் மாதிரியே ஆக்கிவிடும் என்பதால் இதைப் பார்க்காமல் விடக்கூடாது. உருக்குலைந்த நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சை. மீதி சோரியாசிஸ், லைக்கன் பிளேனஸ், செருப்பு அழுத்தியது, இடித்துக்கொண்டது என்று பலவகை.

பாதத்தின் நாடி நன்றாகவே இருந்தது. ஆனால் மோனோஃபிலமென்ட் இழையால் தொட்டபோது, இரண்டு கட்டைவிரல் அடியிலும் உணர்ச்சி குறைந்திருந்தது. தடித்த நகம் பக்கத்து விரலைக் குத்தினாலும் அவருக்கு வலிக்காது. அன்றைக்கு எனக்குக் கவலை தந்தது நகத்தைவிட இதுதான்.

சோதனையைத் திரும்பச் செய்தது ஏன்

கையிலிருந்த லேப் சீட்டை நான் நம்பவில்லை. காரணம் இரண்டு. மாதிரி கொடுத்த நாட்களில் அவர் ஃப்ளுகோனசோல் போட்டுக்கொண்டிருந்தார். மேலும், வெட்டி எடுத்தது நகத்தின் நுனியை. உயிரோடு இருக்கும் பூஞ்சை முன்னேறிப் போகும் எல்லையில், அதாவது நகத்துக்கு அடியில் உள்ளே தள்ளி இருக்கும். நுனியில் கிடப்பது பெரும்பாலும் செத்த இழைகளும் அழுக்கும்தான்.

பூசுவதையெல்லாம் இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னேன். ஃப்ளுகோனசோலை அவர் விட்டு ஏற்கெனவே சில மாதங்கள் ஆகியிருந்தன. ஸ்பிரிட்டால் துடைத்து, நுனியை வெட்டி ஒதுக்கிவிட்டு, எவ்வளவு உள்ளே போக முடியுமோ அவ்வளவு உள்ளே சுரண்டினோம். நகம் கெட்டியானது, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரைய நேரமெடுக்கும். ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்த கையோடு பார்த்துவிட்டு இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

கால் மாதிரியில் கிளைவிட்ட இழைகள் தெளிவாகத் தெரிந்தன. கல்ச்சருக்கு, அதாவது பூஞ்சையை வளர்த்துப் பார்க்க, இரண்டு ஊடகம் கேட்டேன், ஒன்று சில பூஞ்சைகளை வளரவிடாத சைக்ளோஹெக்சிமைடு சேர்த்தது, இன்னொன்று சேர்க்காதது. நம் பக்கத்தில் மண்ணிலும் செடியிலும் வாழும் நியோசைட்டாலிடியம் என்ற பூஞ்சையும் வெறுங்காலோடு நடக்கிறவர்கள் நகத்தைப் பிடிக்கும், சைக்ளோஹெக்சிமைடு இருந்தால் அது வளராது. அதுவாக இருந்தால் டெர்பினாஃபைன் பெரிதாக உதவாது, முடிவையே மாற்ற வேண்டிவரும். மூன்றாவது வாரம் வளர்ந்தது டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம். மேலே பஞ்சு வெள்ளை, அடியில் திராட்சைச் சிவப்பு. உலகம் முழுக்கக் கால் நகத்தில் அதிகம் காணப்படுவது இதுதான்.

கை மாதிரியில் இழைகள் இல்லை. மொட்டுவிடும் ஈஸ்ட் செல்கள் இருந்தன, கல்ச்சரில் கேண்டிடா என்ற ஈஸ்ட் வந்தது. பச்சை நிறத்துக்குக் காரணம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா, அதுவும் வளர்ந்தது.

ஆக, கால் சொத்தை கைக்கு ஏறவில்லை. காலில் நகத்தையே தின்று வாழும் பூஞ்சை. கையில் நடந்தது வேறு: ஓயாத தண்ணீரும் சோப்பும் புளித்த மாவும் தோல் மடிப்பை அரித்து அந்த ஜவ்வைப் போக்கிவிட்டன, திறந்த இடுக்கில் ஈரம் தேங்கியது, தேங்கிய இடத்தில் கேண்டிடாவும் சூடோமோனாஸும் குடியேறின. அவை பின்னால் வந்தவை. இதைப் பூஞ்சை என்று மட்டும் நினைத்து மாத்திரை கொடுத்தால், கை ஈரமாக இருக்கும் வரை திரும்பத் திரும்ப வரும்.

எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி, காலுக்கு மாத்திரை தேவையா என்பது. வயதானவர்களுக்குத் தொந்தரவு தராத சொத்தை நகத்தை வெட்டித் தேய்த்து அப்படியே விடுவதும் ஒரு நியாயமான வழிதான். இவருக்கு அப்படி விட எனக்கு மனம் வரவில்லை. சர்க்கரை, உணர்ச்சி குறைந்த பாதம், ஏற்கெனவே ஒருமுறை வந்த செல்லுலைட்டிஸ். நகம் பூஞ்சையைத் தேக்கிவைக்கும் கிடங்கு. அது இருக்கும்வரை விரலிடுக்குப் புண் ஆறி ஆறித் திரும்பும், வெடிப்பு வழியே பாக்டீரியா நுழையும். நகப்பூச்சு மாதிரி பூசும் மருந்தான லாக்கர் மட்டும் போதாது, பாதிக்கு மேல் போன நகத்தில் அது ஆழத்தை எட்டாது.

எந்த மாத்திரை? இட்ரகோனசோல் அடோர்வாஸ்டாடினின் அளவை ரத்தத்தில் ஏற்றி, தசையைப் பாதிக்கக்கூடும். ஃப்ளுகோனசோல் கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். அவர் கடையில் வாங்கிப் போட்ட வாரங்களில் விடியற்காலையில் வியர்த்து மயக்கம் வந்ததை, இதை விளக்கிய பிறகுதான் நினைவுகூர்ந்தார். அதனால்தான் வந்தது என்று அறுதியிட முடியாது. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி. டெர்பினாஃபைனுக்கு இந்தச் சிக்கல்கள் இல்லை, ரூப்ரத்துக்கு நன்றாக வேலை செய்யும். கல்லீரல் என்சைம்களும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் சரியாக இருந்ததால் தினம் 250 மி.கி., 12 வாரம் என்று முடிவு செய்தோம்.

முன்பு மூன்று வாரத்தில் நிறுத்தியவர் என்பதால், நகம் எப்படி வளர்கிறது என்பதை உட்கார்த்திவைத்துச் சொன்னேன். கை நகம் மாதத்துக்கு 3 மி.மீ. அளவுக்கு வளரும், கால் நகம் 1 முதல் 1.5 மி.மீ. தான். கட்டைவிரல் நகம் முழுதாக மாற 12 முதல் 18 மாதம். மாத்திரை பழைய நகத்தைச் சரிசெய்யாது; புதிதாக முளைக்கும் நகம் சுத்தமாக வரும், பழையது வெட்டி வெட்டித்தான் போக வேண்டும். அடுத்ததாக, எதிர்பார்ப்பு. அமெரிக்காவில் இந்த மருந்துக்கு உரிமம் தந்தபோது வைத்த சோதனைகளில், 12 வாரம் சாப்பிட்டவர்களில் 70 சதவீதம் பேருக்குப் பூஞ்சை போனது. பூஞ்சையும் போய் நகமும் முழுக்கத் தெளிந்தது 38 சதவீதம் பேருக்குத்தான். இந்த இரண்டு எண்ணையும் தமிழில் எழுதியே கொடுத்தேன்.

ஆரோக்கியமான நகம் முடிந்து சொத்தை தொடங்கும் எல்லையில், வலது கட்டைவிரல் நகத்தில் ஒரு சிறு கீறல் போட்டோம். கீறலுக்குப் பின்னால் சொத்தை வராமல், இரண்டும் சேர்ந்து நுனிப்பக்கம் நகர்ந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். பொறுமை இழக்கும் நோயாளிக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கைக்கு மாத்திரை இல்லை. பிரிந்த நகத்தை வெட்டி எடுத்தோம். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, தினமும் இருவேளை பத்து நிமிடம் விரலை முக்கிவைத்துத் துடைக்க வேண்டும். இரவில் தோல் மடிப்பில் மோமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பு, காலையில் க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து. ஸ்டீராய்டு என்றதும் மருமகள் குறுக்கிட்டார்; மாமனாரின் டியூபைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டு அதையே நீங்களும் எழுதுகிறீர்களே என்றார். நியாயமான கேள்வி. படர்தாமரையில் நோயே பூஞ்சைதான். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கி, அது பரவ வழிவிடும். நகமடிப்பில் நோய் அழற்சி, தண்ணீரும் சோப்பும் அரித்ததால் வந்த வீக்கம். வீக்கம் வற்றி ஜவ்வு திரும்ப ஒட்டினால்தான் கிருமிக்கு இடமில்லாமல் போகும். அதுவும் மூன்று வாரத்துக்கு, மடிப்பில் மட்டும்.

கையுறைதான் பெரிய பேச்சுவார்த்தையாக ஆனது. கையால் கலந்தால்தான் மாவு பொங்கும் என்பதில் அவர் அசையவில்லை. அதைப் பிடித்து நான் வாதாடவில்லை. கலக்கும் அந்தச் சில நிமிடம் வெறும் கை இருக்கட்டும், மீதி நேரம் காப்போம் என்று ஒத்துக்கொண்டோம். பாத்திரம் கழுவும்போது பருத்திக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை, பாதிப் பாத்திரம் மருமகளுக்கு, ஒவ்வொரு முறையும் விரலிடுக்கு வரை துடைத்து வாசலின்.

சேற்றுப்புண்ணுக்கு ஸ்டீராய்டு இல்லாத க்ரீம். சர்க்கரை மருத்துவருக்கு ஒரு கடிதம், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அப்போது 9.1 இருந்தது. கணவரையும் அழைத்துவரச் சொன்னேன். இரவுக் காவல் வேலை, பகலில் தூக்கம் என்று இரண்டு மாதம் தள்ளிப்போனது.

ஆறாவது வாரம் வரை

கை முதலில் தெளிந்தது. மூன்றாவது வாரத்தில் வீக்கம் வற்றியது, ஸ்டீராய்டை நிறுத்தினோம். பச்சை நிறம் போய்விட்டது. விரலிடுக்கு வெடிப்பு மூடியது. கீறல் 2 மி.மீ. போல நகர்ந்திருந்தது, பின்னால் வந்த நகம் தெளிவு. ஆறாவது வாரம் கல்லீரல் சோதனை சரியாகவே இருந்தது.

நாக்கில் ருசி குறைந்தது

எட்டாவது வாரம் அவர் வந்தது மாத்திரை வாங்கிப்போக. கிளம்பும்போது மருமகள்தான் சொன்னார், அத்தை சட்னியில் உப்பை அள்ளிப் போடுகிறார் என்று. பல வருட வாடிக்கையாளர் ஒருவர் "என்னக்கா, தினமும் உப்பு தூக்கலா இருக்கு" என்று கேட்டிருக்கிறார். விசாரித்தால், பத்து நாளாகவே நாக்கில் எதுவும் சரியாகத் தெரியவில்லையாம். வயதாகிறது என்று நினைத்திருக்கிறார். காப்பி வெந்நீர் மாதிரி இருந்ததையும் அப்போதுதான் சொன்னார்.

டெர்பினாஃபைனில் ருசி மாறுவது எப்போதாவது வரும் விளைவு. பெரும்பாலும் மருந்தை நிறுத்தியபின் வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும். அரிதாக நீண்டும் போகும், நிலைத்தும் விடலாம். தொடங்கும்போது சொன்ன பட்டியலில் இதுவும் இருந்தது. ஆனால் மஞ்சள் காமாலை, சிறுநீர் நிறம் என்று நான் அழுத்திச் சொன்னவற்றுக்கு நடுவே அது அவர் மனதில் நிற்கவில்லை.

இன்னும் நான்கு வாரம்தானே, முடித்துவிடலாமா என்று அவரே கேட்டார். கூடாது என்றேன். நாக்குதான் அவருடைய தராசு. அது போனால் கடை போகும். நகத்துக்காக அதைப் பணயம் வைக்க முடியாது. அன்றே நிறுத்தினோம். மருந்தை நிறுத்திய பிறகும் அது நகத்தில் பல வாரங்கள் தங்கியிருக்கும் என்பதால், எட்டு வாரம் வீணாகிவிடாது. அடோர்வாஸ்டாடினை மாற்றிவிட்டு இட்ரகோனசோலுக்குப் போவதையும் யோசித்தோம். கீறல் நன்றாக நகர்ந்துகொண்டிருந்ததால் அவசரப்படவில்லை. 40 சதவீத யூரியா களிம்பை இரவில் கட்டி நகத்தை இளக்கித் தேய்த்து மெலிதாக்குவது, வாரம் ஒருமுறை அமோரால்ஃபைன் லாக்கர், மற்றபடி காத்திருப்பது என்று முடிவானது. உணர்ச்சி குறைந்த கால் என்பதால் தேய்க்கும் வேலையை மருமகள் ஏற்றுக்கொண்டார். வீட்டில் பிளேடு கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னோம். உப்பு போடும் பொறுப்பும் கொஞ்ச நாளைக்கு மருமகளிடம் போனது.

ருசி திரும்ப ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது. இனிப்புதான் முதலில் தெரிந்ததாம், உப்பு கடைசியில்.

கணவர்

அவர் வந்தபோது இடுப்பிலும் தொடையிலும் படர்தாமரை, ஸ்டீராய்டு பூசிப்பூசித் தோல் மெலிந்து வரிவரியாக இருந்தது. இரண்டு பாதத்திலும் செதில், கால் நகம் இரண்டில் மஞ்சள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நகவெட்டி, ஒரே துண்டு. அவருக்குத் தனியாகச் சிகிச்சை தொடங்கினோம், டியூபை நிறுத்தினோம், நகவெட்டியும் துண்டும் ஆளுக்கொன்று ஆனது. யார் யாருக்குக் கொடுத்தது என்பதை இப்போது கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அம்மாவின் கால் சுத்தமாகிக்கொண்டிருந்த இரண்டு மாதமும் அதே குளியலறைத் தரையில் கணவரின் செதில் விழுந்துகொண்டிருந்தது.

பதினான்காவது மாதம்

வலது கட்டைவிரல் நகம் முழுக்கத் தெளிந்துவிட்டது. கீறல் எப்போதோ வெட்டுப்பட்டுப் போயிற்று. இடது கட்டைவிரலில் வெளி ஓரம் தடிப்பாகவே இருக்கிறது, சுரண்டிப் பார்த்ததில் பூஞ்சை இல்லை. வருடக்கணக்காக அழுத்தப்பட்ட நகம் அப்படியே வடிவம் மாறி நின்றுவிடுவதுண்டு. வலது சுண்டுவிரலில் இன்னும் இழைகள் தெரிகின்றன. இனி மாத்திரை வேண்டாம், தேய்த்து லாக்கர் போட்டுக்கொள்கிறேன் என்றார். ஒத்துக்கொண்டேன். விரலிடுக்கு சுத்தமாக இருக்கிறது, இடையில் வந்த மழைக்காலத்தில் கால் வீங்கவில்லை. எச்பிஏ1சி 7.6.

கை நகங்கள் ஆறு மாதத்துக்குள் முழுதாக மாறிவிட்டன, மருதாணியை நிறுத்திவிட்டார். தீபாவளி வாரத்தில் ஆர்டர் குவிந்து கையுறையைக் கழற்றி வைத்தபோது ஆள்காட்டி விரல் மடிப்பு மறுபடி வீங்கியது. இரண்டு வாரக் களிம்பில் அடங்கியது. தண்ணீர் வேலை இருக்கும்வரை இது எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்று அவருக்கும் தெரியும்.

இனி மாற்றிக்கொண்டவை

டெர்பினாஃபைன் எழுதும் முன், நாக்கை வைத்துப் பிழைக்கிறவரா என்று இப்போது கேட்கிறோம். சமையல்காரர், டீ மாஸ்டர், மிட்டாய்க் கடைக்காரர். அப்படிப்பட்டவருக்கு வேறு மருந்து பொருந்துமா என்று முதலில் பார்க்கிறோம், அதையே கொடுக்க வேண்டியிருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனில் "சாப்பாடு ருசிக்குதா?" என்று ஒரே கேள்வி கேட்கிறோம். கூட வருகிறவரிடமும் அதைச் சொல்லிவைக்கிறோம், இந்த அம்மா விஷயத்தில் கவனித்தது மருமகளும் வாடிக்கையாளரும்தான்.

கால் பூஞ்சை உறுதியானால், அதே வாரத்தில் வீட்டில் இருப்பவர்களின் பாதத்தையும் பார்க்கிறோம். வர முடியாதவர் போட்டோ அனுப்பினாலும் தொடங்குவதற்குப் போதும்.

சீட்டில் கை நகத்துக்கு ஒரு வரி, கால் நகத்துக்கு ஒரு வரி என்று தனித்தனியாக நோயின் பெயரை எழுதுகிறோம். இந்த அம்மாவின் சீட்டில் 'நகத் தொற்று' என்று மட்டும் பார்த்த ஒரு மருந்துக்கடையில், நான்காவது மாதம் கைக்கும் சேர்த்து ஃப்ளுகோனசோல் கொடுக்க இருந்தார்கள். கேட்டுவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் திரும்பி வந்துவிட்டார்.